சொரெந்தோ தீபகற்பத்தில் நடந்து சுற்ற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்குச் சற்றுத் தெற்கே, மத்தியதரைக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மலைநிலம் சொரெந்தோ தீபகற்பம். வடபுறம் நேப்பிள்ஸ் வளைகுடா, தென்புறம் சலெர்னோ வளைகுடா. தென்கரையைத்தான் அமால்ஃபி கடற்கரை என்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பகுதி அது. பெரும்பாலானோர் பஸ்ஸில் வந்து, பொசித்தானோவில் நாலு படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது அல்ல. ஷூவைக் கட்டிக்கொண்டு நடக்க நினைப்பவர்களுக்கானது.

நடப்பதற்கு இங்கே அப்படி என்ன இருக்கிறது? இது கடற்கரை ஊர்தானே?

கடற்கரை என்று சொன்னாலும் மணல்வெளி மிகக் குறைவு. தீபகற்பத்தின் நடுவே லத்தாரி என்னும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியான சான் மிக்கேலே, உள்ளூர்க்காரர்கள் வாயில் மொலாரே, 1,444 மீட்டர். அங்கிருந்து கடல் நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்தான். அவ்வளவு குறுகிய தூரத்தில் அவ்வளவு உயரம் இறங்குகிறது என்றால் சரிவு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சரிவில் ஊர்கள் உருவானபோது சாலை கிடையாது. இன்றைக்குப் படங்களில் வரும் வளைவு வளைவான கடற்கரைச் சாலையே 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் போட்டதுதான். அதற்கு முன்னால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் படகு, இல்லையென்றால் படிக்கட்டு. மலையை வெட்டி, கல் அடுக்கி, கழுதையும் ஆளும் ஏறும்படி கட்டிய படிகள். எலுமிச்சைத் தோட்டத்துக்கு ஒரு வழி, காகித ஆலைக்கு ஒரு வழி, மேலே மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு வழி என்று மலை முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. நாம் இன்று விடுமுறைக்கு நடப்பது இந்த வேலைப் பாதைகளில்தான்.

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை என்பதும் ஒரு சுவாரசியம். குறுகலான படியில் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரே இருபுறமும் சிமென்ட் மூட்டை தொங்க ஒரு கோவேறு கழுதை இறங்கி வரும். வண்டி போக முடியாத வீட்டுக்குக் கட்டுமானப் பொருள் இன்றும் அப்படித்தான் போகிறது. சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுங்கள். அது உங்களுக்கு வழிவிடாது.

எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. வசந்தத்தில் சரிவெல்லாம் மஞ்சள் பூவாக இருக்கும், மலைமேல் காலையில் குளிரும். இலையுதிர் காலத்தில் கடல் நீர் இன்னும் சூடாக இருக்கும். நடந்து முடித்துவிட்டு நேராகக் கடலில் இறங்கலாம். எனக்கு அக்டோபரின் முதல் பாதிதான் பிடிக்கும். ஒரே குறை, மாலை சீக்கிரம் இருட்டிவிடும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடுகிறது.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். "நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு முப்பது டிகிரி ஒரு பொருட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் அந்த வெயிலில் உச்சிப்பொழுதில் யாரும் ஆயிரம் படி ஏறுவதில்லையே. வெளிறிய சுண்ணாம்புப் பாறை வெப்பத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும், தென்சரிவில் நிழலும் இல்லை. விலையும் கூட்டமும் அப்போதுதான் உச்சம். குளிர்காலத்தில் நடக்க முடியும், ஆனால் படகுச் சேவை பெரும்பாலும் நின்றுவிடும், பாதி ஹோட்டல்கள் பூட்டியிருக்கும், நவம்பரில் மழை கொட்டும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எங்கே தங்குவது?

ஒரு வாரம் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். நாலு நாளுக்குக் குறைவென்றால் ஒரே இடத்தில் தங்கி இரண்டு மூன்று பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொசித்தானோவில் தங்காதீர்கள். ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அறை வாடகை கண்ணைக் கட்டும், நடைப்பாதைகளுக்கு அது நல்ல மையமும் அல்ல. என் கணக்கில் இரண்டு தளங்கள் போதும். தென்கரைக்கு அமால்ஃபியின் அக்கம்பக்கம்: மினோரி, மையோரி, அல்லது மலைமேல் அஜெரோலா. மினோரியில் சாதாரண மக்கள் வாழ்கிறார்கள், காய்கறிக்கடையும் பேக்கரியும் உள்ளூர் விலையில் இருக்கின்றன. அஜெரோலா கடலிலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேலே, மாடும் பால்பண்ணையுமான ஊர். இரவில் கடற்கரையைவிடக் குளிரும். மேற்கு முனைக்கு மாஸா லுப்ரென்ஸே பக்கத்துச் சிற்றூர்கள், அதாவது தெர்மினி, நெரானோ, சான்ட்'அகத்தா. ரயில் வசதி வேண்டுமென்றால் சொரெந்தோ.

எல்லாரும் சொல்லும் 'தெய்வங்களின் பாதை' எப்படி?

புகழுக்குத் தகுதியான பாதைதான். இத்தாலிய மொழியில் செந்தியேரோ தெலி தேயி. அஜெரோலாவின் பொமெரானோ சதுக்கத்தில் தொடங்கி, மலையின் இடுப்பைச் சுற்றி மேற்கே போய், பொசித்தானோவுக்கு மேலே தொங்கும் நொச்செல்லே என்ற சிற்றூரில் முடிகிறது. ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர். நின்று பார்த்துப் போனால் மூன்று மணி நேரம்.

பொமெரானோவில் தொடங்குங்கள், நொச்செல்லேயில் அல்ல. காரணம் இரண்டு. பொமெரானோ உயரமான முனை, மொத்தத்தில் பாதை கீழ்நோக்கியே போகும். இன்னொன்று, கிழக்கிலிருந்து மேற்காக நடக்கும்போது காலை வெயில் முதுகில் விழும்; முன்னால் தெரியும் கடலும் பாறையும் கண் கூசாமல் துலங்கும். தொடக்கத்திலேயே பாறைக் குடைவுக்குள் ஒட்டிவைத்தது போன்ற பழைய வீடுகளின் இடிபாடு வரும், அதுதான் பிஸ்கொத்தோ குகை. அதைத் தாண்டியதும் கடல் முழுதாகத் திறக்கிறது. கீழே பிரையானோ, தூரத்தில் லி கல்லி தீவுகள், அதற்கும் அப்பால் காப்ரி தீவு. லி கல்லியில்தான் பாடி மயக்கும் சைரன்கள் வாழ்ந்ததாகப் பழைய கிரேக்கக் கதைகளைக் கேட்டவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

அமால்ஃபியிலிருந்து பொமெரானோவுக்கு பஸ் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடும். முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் குழுக்கள் வரிசைகட்டும். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில் எதிரே இருபது பேர் வந்தால் நடப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

நொச்செல்லேயில் குடிநீர்க் குழாயும் எலுமிச்சைச் சாறு கடையும் இருக்கின்றன. பலர் தடுக்கி விழும் கட்டம் இதற்குப் பிறகுதான். அங்கிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்க ஏறத்தாழ 1,700 படிகள். மூன்று மணி நேரம் நடந்த கால், படியின் உயரமோ சீராக இருக்காது. நடுவழியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அது இறங்கும் இடம் ஊர் மையமும் அல்ல, அரியென்ஸோ என்ற பகுதி. அங்கிருந்து சாலையோரமாகப் பொசித்தானோவுக்கு இன்னும் நடக்க வேண்டும். முழங்கால் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நொச்செல்லேயிலிருந்து உள்ளூர் பஸ்ஸில் இறங்கிவிடுங்கள். யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

கைப்பிடி இருக்குமா? உயரம் என்றால் எனக்குப் பயம்.

சில இடங்களில் மரக் கைப்பிடி உண்டு, பல இடங்களில் இல்லை. பாதை பெரும்பாலும் ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அகலம். கடல் பக்கம் சரிவு இருக்கும். செங்குத்தாக விழும் விளிம்பு சில இடங்களில் மட்டும். மாடி பால்கனியில் நின்றால் கொஞ்சம் படபடக்கும் என்ற அளவு பயம் என்றால் சமாளிக்கலாம். தலைசுற்றி உட்கார்ந்துவிடுவீர்கள் என்றால் கீழே சொல்லியிருக்கும் எலுமிச்சைப் பாதை, ஃபெர்ரியெரே பள்ளத்தாக்கு இரண்டும் உங்களுக்கு ஏற்றவை.

பாதையின் கடினத்தை எப்படிக் கணிப்பது? 'எளிது' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

இத்தாலிய ஆல்பைன் மன்றம் பாதைகளை எழுத்தால் தரம் பிரிக்கிறது. 'டி' என்றால் சுற்றுலாப் பயணிக்கானது, 'இ' என்றால் வழக்கமான மலைநடை, 'இஇ' என்றால் அனுபவசாலிக்கு. பாறையிலும் மரத்திலும் சிவப்பு-வெள்ளைப் பட்டையும் எண்ணும் எழுதியிருப்பார்கள். தெய்வங்களின் பாதையின் எண் 327. தீபகற்பத்தின் அடியிலிருந்து முனைவரை மலைமுகட்டில் ஓடும் நெடும்பாதையின் எண் 300.

இந்தத் தரவரிசை வழுக்கலையும் விளிம்பையும் பற்றிச் சொல்லும். படிகளைப் பற்றிச் சொல்லாது. இங்கே கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போட்டால் கெட்டீர்கள். இரண்டு கிலோமீட்டர் பாதையில் முந்நூறு மீட்டர் இறக்கம் சாதாரணம். வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது உயரக் கோடுகளைத்தான். சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் இங்கே மூன்று என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைப் பதம் பார்க்கும். மூட்டு வலி உள்ளவர்கள் பஸ்ஸில் கீழே வந்து, நடந்து மேலே ஏறும்படி திட்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் கட்டிலிலிருந்து எழ முடியும்.

கூட்டமில்லாத பாதைகள் எவை?

தீபகற்பத்தின் மேற்கு முனைக்குப் போங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பகுதியின் சிறந்த நடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் யெரான்டோ விரிகுடா. நெரானோ ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சாலை கிடையாது, கடை கிடையாது, மோட்டார் படகு உள்ளே வரக் கூடாது. ஒரு காலத்தில் இங்கே சுண்ணாம்புக்கல் வெட்டி உருக்காலைக்கு அனுப்பினார்கள். 1987இல் இடம் இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான 'ஃபாய்' கைக்கு வந்தது. சுரங்கக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, சுற்றிலும் ஒலிவ மரங்கள். கூழாங்கல் கரையில் உட்கார்ந்தால் எதிரே காப்ரியின் ஃபராலியோனி பாறைகள் தெரியும். தண்ணீரும் சாப்பாடும் நீங்கள்தான் தூக்கிப் போக வேண்டும். மதிய வெயிலில் திரும்பி ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பூன்டா கம்பனெல்லா, தீபகற்பத்தின் நுனி. தெர்மினியிலிருந்து பழைய ரோமானியச் சாலையின் தடத்திலேயே இறங்குகிறது பாதை. நுனியில் ஒரு காவல் கோபுரம். அந்த இடத்தில் கிரேக்கர் காலத்தில் அதேனா என்ற தேவியின் கோயில் இருந்தது. பிறகு ரோமானியர் அவளை மினெர்வா என்று கும்பிட்டார்கள். கோபுரம் எதற்கு என்றால், கடற்கொள்ளையர் பயம். 1558இல் துருக்கியக் கப்பற்படை சொரெந்தோவையும் மாஸாவையும் சூறையாடி, மக்களைக் கூட்டமாகப் பிடித்துக் கப்பலேற்றிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு கரை நெடுகக் காவல் கோபுரங்கள் முளைத்தன. இந்தக் கரையில் எங்கே நடந்தாலும் இரண்டு மூன்று கோபுரங்களாவது கண்ணில் படும். திரும்பும்போது வந்த வழியே வராமல் சான் கொஸ்தான்ஸோ குன்றின் மேல் ஏறி வாருங்கள். பாறையில் கை வைத்து ஏறும் இடம் கொஞ்சம் உண்டு. உச்சியருகே வெள்ளைச் சிற்றாலயம். அங்கே நின்றால் ஒரு கண்ணுக்கு நேப்பிள்ஸ் வளைகுடா, மறு கண்ணுக்கு சலெர்னோ வளைகுடா.

நிழல் வேண்டுவோருக்கு ஃபெர்ரியெரே பள்ளத்தாக்கு. அமால்ஃபியின் பின்புறம், ஸ்காலாவின் பொன்டோனே சிற்றூரிலிருந்து இறங்கினால் சுகம். ஓடையும் அருவியும் கூடவே வரும். முன்பு இரும்பு உருக்கிய ஆலைகளின் சுவர்கள், அதற்குக் கீழே தண்ணீர் விசையால் ஓடிய காகித ஆலைகள், எல்லாவற்றையும் செடி மூடியிருக்கிறது. பள்ளத்தாக்கின் ஈரத்தில் வூட்வார்டியா ராடிகான்ஸ் என்ற பெரிய பெரணி வளர்கிறது. பனியுகத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பரவியிருந்து, இன்று இப்படிச் சில மூலைகளில் மட்டும் தப்பியிருக்கும் செடி. அது வளரும் உள்பகுதி தனிக் காப்பகம், நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. பாதை முடியும் இடத்தில் அமால்ஃபியின் காகித அருங்காட்சியகம். பழைய ஆலைக்குள்ளேயே இருப்பதால், கந்தலைக் குத்திக் கூழாக்கும் மரச் சம்மட்டிகளைத் தண்ணீரால் இயக்கிக் காட்டுவார்கள்.

உடல் வலு இருப்பவர்களுக்கு மொலாரே உச்சி. ஃபைத்தோ மலையின் பீச் மரக் காட்டிலிருந்து தொடங்குகிறது. வெளிச்சரிவுகளின் வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். உச்சியை நெருங்கும்போது பாதை குறுகிப் பாறை விளிம்பில் போகும். மேகம் இறங்கிவிட்டால் முன்னேற வேண்டாம். காஸ்தெல்லம்மாரேயிலிருந்து ஃபைத்தோவுக்கு ஏறும் கேபிள் கார் 2025 ஏப்ரலில் கம்பி அறுந்து நான்கு பேர் இறந்த விபத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் 'கேபிள் காரில் ஏறவும்' என்று இருந்தால் அப்படியே நம்பாமல் இப்போதைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

போகலாம், பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். மையோரிக்கும் மினோரிக்கும் இடையே எலுமிச்சைப் பாதை இருக்கிறது. ஒரு மணி நேர நடை, ஏறத்தாழ 400 படிகள், இருபுறமும் தோட்டம். சாலை வருவதற்கு முன்னால் இரண்டு ஊரையும் இணைத்த வழி இதுதான். இங்கே விளையும் எலுமிச்சை நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது, நீளமானது, தடித்த தோல். அந்த வெள்ளைச் சதை கசக்காது என்பதால் தோலோடு வட்டமாக நறுக்கி உப்போ சர்க்கரையோ தூவிச் சாப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொடிப்பந்தல் போலச் செஸ்நட் மரக் கம்புகளை நட்டு அதன் மேல் கிளைகளைப் பரப்பியிருப்பார்கள். குளிர்காலத்தில் மேலே வலை போர்த்துவார்கள். வண்டி வராத அடுக்குத் தோட்டம் என்பதால் ஐம்பது கிலோவுக்கு மேல் நிறைந்த கூடையை ஆள் தோளில்தான் இறக்க வேண்டும். அந்த வேலைக்கு வர இன்று இளைஞர்கள் கிடைப்பதில்லை, அதனால் கைவிடப்பட்ட அடுக்குகளையும் வழியில் பார்ப்பீர்கள். மண்ணைத் தாங்கும் கற்சுவரைச் சீர்செய்ய ஆள் இல்லையென்றால் ஒரு பெருமழையில் அந்த அடுக்கே கீழே வந்துவிடும்.

இன்னொன்று, ராவெல்லோவுக்கு பஸ்ஸில் போய், வில்லா ருஃபோலோ தோட்டத்தையும் வில்லா சிம்ப்ரோனேயின் மாடத்தையும் பார்த்துவிட்டு மினோரிக்குப் படியிறங்குவது. இசையமைப்பாளர் வாக்னர் 1880இல் வந்து சொக்கிப்போன தோட்டம் இந்த ருஃபோலோதான். பெரியவர்கள் பஸ்ஸிலேயே திரும்பிவிட, மற்றவர்கள் இறங்கி வந்து மினோரியில் சேர்ந்துகொள்ளலாம்.

தள்ளுவண்டியில் வைக்கும் குழந்தை என்றால் முதுகுச் சுமப்பான் கட்டாயம். இந்த ஊர்களில் சக்கரத்துக்கு வேலையே இல்லை.

ஆபத்து ஏதாவது உண்டா?

வெயிலும் மழையும்தான் இரண்டு பெரிய விஷயம். இந்த மலையின் சுண்ணாம்புப் பாறை மேல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் போர்வையாகப் படிந்திருக்கிறது. விளைச்சல் அமோகமாக இருப்பதற்கு அதுவே காரணம். பெருமழையில் அந்தப் போர்வை அப்படியே நழுவிச் சேறாக ஓடுவதற்கும் அதுவே காரணம். 1954 அக்டோபரில் ஒரே இரவு மழையில் சலெர்னோ, வியேத்ரி, மையோரி பகுதிகளில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2010 செப்டம்பரில் அட்ரானியில் ஓடை பெருகித் தெருவழியே கடலுக்குப் பாய்ந்தது. ஆகவே வானிலை எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்குப் பள்ளத்தாக்குப் பாதைகளை விட்டுவிடுங்கள். மழைக்கு மறுநாள் கல் உருளும், தேய்ந்த படியும் வழுக்கும்.

கோடையில் காட்டுத்தீயும் உண்டு. கல் சரிவுக்கோ தீக்கோ பிறகு நகராட்சி சில பாதைகளை மூடும். மூடியிருப்பதாகப் பலகை இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். கிளம்பும் முன் தங்கும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. இணையத்தில் இருப்பதைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அவசர உதவிக்கு எண் 112. மலைமீட்புக் குழுவுக்கும் அதன் வழியாகவே தகவல் போகும். சில மடிப்புகளில் சிக்னல் இருக்காது, எனவே தனியாகப் போகிறவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வழிகாட்டி வேண்டுமா? பையைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டுமா?

பிரபலமான பாதைகளுக்கு வழிகாட்டி தேவையில்லை. போனில் ஆஃப்லைன் வரைபடம் இருந்தால் போதும். மொலாரேக்கும் முகட்டு நெடும்பாதைக்கும் உள்ளூர் வழிகாட்டி இருப்பது நல்லது. ஊர் ஊராக நடந்து போகும் திட்டமென்றால், பெட்டியை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் ஏற்பாட்டைச் சுற்றுலா நிறுவனங்கள் செய்து தருகின்றன. விடுதி எத்தனை படி மேலே இருக்கிறது என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். 'கடற்கரையிலிருந்து 200 மீட்டர்' என்ற வரி இங்கே உயரத்தையும் குறிக்கலாம்.

போக்குவரத்து எப்படி? கார் எடுக்கலாமா?

கார் வேண்டாம். சாலை குறுகல், நிறுத்த இடமில்லை, கோடை வார இறுதிகளிலும் ஆகஸ்டிலும் வண்டி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள்விட்டு நாள் அனுமதிக்கும் விதி வேறு.

நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோவுக்கு சர்க்கும்வெசூவியானா ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய வண்டி, ஏசியை எதிர்பார்க்காதீர்கள், கூட்டத்தில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில்தான் பொம்பெய் நிறுத்தம். தென்கரைக்குப் போகிறவர்கள் நேப்பிள்ஸில் இறங்காமல் சலெர்னோவரை விரைவு ரயிலில் போய், அங்கிருந்து படகு பிடிப்பது மேல். அமால்ஃபிக்கு முக்கால் மணிகூட ஆகாது, வளைவில் வயிறும் புரட்டாது. படகுகள் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை ஓடும். கடல் கொந்தளித்தால் நிற்கும்.

ஊர்களுக்கிடையே சீத்தா பஸ். டிக்கெட்டை ஏறும் முன்பே புகையிலைக் கடையிலோ காப்பிக் கடையிலோ வாங்கி, உள்ளே உள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். நடுவழி நிறுத்தத்தில் நின்றால் நிறைந்த பஸ் நிற்காமலே போகும், தொடங்கும் இடத்துக்குப் போய் ஏறுவதே புத்திசாலித்தனம்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லவே இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். நெரானோ ஊரின் ஸ்பகெத்தி, வறுத்த சுரைப்பிஞ்சு வகைக் காயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது. சொரெந்தோவின் நொக்கி உருளைக்கிழங்கும் தக்காளியும். அஜெரோலாவின் புதுப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் ரொட்டிக்குள் வைத்து வாங்கிக்கொண்டால் அதுவே வழிச் சாப்பாடு. பாஸ்தாவுக்குப் பேர்போன கிரான்யானோ இந்த மலையடிவாரத்து ஊர்தான்.

மறைந்திருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். செத்தாரா ஊரின் 'கொலத்தூரா' நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. வெறும் பூண்டு பாஸ்தா என்று நினைப்பதில் அது இருக்கலாம். கீரை அடைத்த பிட்ஸாவிலும் நெத்திலி வரும். மிளகு போட்ட தராலி முறுக்கிலும், அடுக்கடுக்கான ஸ்ஃபோல்யதெல்லா இனிப்பிலும் மரபாகப் பன்றிக் கொழுப்புதான் சேர்ப்பார்கள். கெட்டிப்பட்ட பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலை உறையவைக்கும் ரென்னெட் உண்டு. எந்த அளவுக்குக் கறார் என்பது உங்கள் முடிவு.

கடலில் என்ன செய்யலாம்?

கயாக் நன்றாக இருக்கும். நெரானோவுக்குக் கீழே உள்ள மரீனா தெல் கந்தோனேயிலிருந்து யெரான்டோ பக்கம் போவது கண்ணாடித் தண்ணீரில் மிதப்பது. முனையைச் சுற்றிய கடல் 1997 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, மீன் பிடிக்கவும் நங்கூரமிடவும் கட்டுப்பாடு உண்டு. ஸ்நார்கெல், ஸ்கூபா இரண்டும் கிடைக்கும். சொரெந்தோவுக்கு அருகே, ரோமானிய வில்லா இடிபாட்டுக்குக் கீழே பாறை சூழ்ந்த குளம் போன்ற ஒரு கடல்துண்டு இருக்கிறது, ரெஜினா ஜியோவான்னா என்று பெயர். காலையிலேயே போனால் உங்களுக்கே உங்களுக்கு. கரையெல்லாம் கூழாங்கல், ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டால் கடற்கரைச் சாலையைத் தவிருங்கள். பஸ் வளைவில் திரும்பும்போது சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மாட்டுவீர்கள்.

விசா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ காப்பீடு. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வசந்தத்தில் போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் இருக்கலாம். காப்பீட்டில் மலைநடையும் மீட்புச் செலவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

என்ன எடுத்துப் போவது?

பிடிப்புள்ள அடியுடைய ஷூ, புதிதாக வாங்கியதாக இல்லாமல் ஏற்கெனவே பழக்கியதாக. மடக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி; படியிறக்கத்தில் அதன் அருமை தெரியும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, சிறிய டார்ச். ஊர்களில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் காப்ரியா, வெசூவியஸா?

நடக்கத்தான் வந்தீர்கள் என்றால் காப்ரி. படகிலிருந்து இறங்கும் கூட்டம் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் நின்றுவிடும். அனகாப்ரியின் மேற்குக் கரையில் பழைய கோட்டைகளை இணைத்து, நீலக் குகைப் பக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம்வரை ஒரு பாதை போகிறது. அங்கே ஆளே இருக்காது. வலு மிச்சமிருந்தால் துறைமுகத்திலிருந்து அனகாப்ரிக்குப் பழைய ஃபினீசியப் படிக்கட்டில் ஏறலாம், 921 படிகள். வெசூவியஸில் கடைசி ஏற்றம் மட்டுமே நடை, தூசிப் பாதையில் அரைமணி நேரம் போல. எரிமலை வாயை எட்டிப் பார்க்க ஆசையென்றால் போங்கள். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் இறங்க நேரிடும்.